யூரே மலைப்பாதையும் ட்ரெய்லரும்: நடுத்தர பிக்கப்பா, முழு அளவு டிரக்கா?

அரோராவாசி:

வணக்கம். டென்வரை ஒட்டிய அரோராவில் இருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயதுப் பையன், ஒன்பது மாதப் பெண் குழந்தை. கையில் ஒரு மினிவேனும் ஒரு பழைய செடானும் இருக்கின்றன. செடானைத் தள்ளிவிட்டு பிக்கப் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த பிக்கப் என்பதில்தான் வீட்டில் இழுபறி.

என் ஆசை, கோடையில் கொலராடோவின் தென்மேற்கில் யூரே, சில்வர்டன், லேக் சிட்டி பக்கம் மலைப்பாதைகளில் ஏறி இறங்க வேண்டும். முடிந்தால் யூட்டாவின் மோவாபும். மனைவியின் ஆசை, கழிவறையும் கட்டிலும் உள்ள ஒரு டிராவல் ட்ரெய்லர். கைக்குழந்தையோடு கூடாரத்தில் படுக்க அவர் தயாராக இல்லை, அதில் நியாயமும் இருக்கிறது. அவர் பார்த்து வைத்திருக்கும் ட்ரெய்லர் காலியாக 4,300 பவுண்டு.

என் பட்டியல்: செவி கொலராடோ இசட்ஆர்2, டகோமா டிஆர்டி ஆஃப்-ரோடு, ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர். இசட்ஆர்2-வுக்கு இழுக்கும் திறன் 6,000 பவுண்டு என்று போட்டிருக்கிறார்கள். ட்ரெய்லர் 4,300 தான், தாராளமாகப் போதும் என்கிறேன் நான். மச்சான் மட்டும் "அந்தக் காசுக்கு எஃப்-150 வருமே" என்று போன் செய்யும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுகிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

யூரே என்று சொல்லிவிட்டீர்கள், பிறகு முழு அளவு டிரக் என்ற பேச்சே எதற்கு? அந்தப் பாதைகள் சுரங்கக்காரர்கள் கோவேறு கழுதைகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் வெட்டியவை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. எதிரே வண்டி வந்தால் பொதுவாக ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் பின்னோக்கிப் போய் ஒதுங்க இடம் தேட வேண்டும். நீங்கள் இறங்கும்போது எதிரே ஜீப் வரிசை ஒன்று ஏறி வந்தால் புரியும், வண்டியின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் என்ன விலை என்று.

வீல்பேஸை, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். நான்கு கதவு டகோமா டபுள் கேப் 131.9 அங்குலம். நான்கு கதவு எஃப்-150, ஐந்தரை அடி பெட்டியோடு 145.4 அங்குலம். இரண்டு கதவு ராங்லர் 96.8 தான், அதனால்தான் அங்கே எங்கு பார்த்தாலும் ராங்லர். வீல்பேஸ் நீண்டால் மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டும், கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்பாது.

இசட்ஆர்2-வில் முன்னும் பின்னும் லாக்கர் (ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைப்பது), 33 அங்குல டயர், மல்டிமேட்டிக் கம்பெனியின் ஷாக் அப்சார்பர். கம்பெனியிலிருந்து வரும்போதே எல்லாம் தயார். என் ஓட்டு அதற்கே.

டெக்சாஸ் மாமா:

தம்பி, பெரிய டிரக் வாங்கி வருத்தப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. சின்னது வாங்கிவிட்டு அடுத்த வருடமே மாற்றியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். குடும்பம் இருக்கிறது, ட்ரெய்லர் இருக்கிறது, கூடவே உங்கள் ஊரில் மலை வேறு. எஃப்-150, சில்வராடோ, ராம், டன்ட்ரா, நான்கில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

கண்ணைத் திறந்துகொண்டே தொடலாம். இந்த இழை முழுக்க இழுக்கும் திறனைப் பற்றியே பேச்சு போகப்போகிறது என்று தெரிவதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உங்கள் விஷயத்தில் அந்த 6,000 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. வேலை இருப்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கருக்கு. "ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது" என்று அதில் ஓர் எண் இருக்கும். அதுதான் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் பேலோடு. விளம்பரத்தில் வருவது அந்த மாடலில் கிடைக்கும் உச்ச எண். உங்கள் வண்டியின் எண் கதவில் இருப்பது.

இசட்ஆர்2-வின் பேலோடு 1,100 பவுண்டுக்குச் சற்று மேல். 1,150 என்றே வைத்துக்கொள்வோம். இனி ட்ரெய்லர்.

காலியாக 4,300 என்பது தண்ணீர், பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி எதுவும் இல்லாமல். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330. சிலிண்டரும் பேட்டரியும் 120. அரிசி, குக்கர், போர்வை, மடக்கு நாற்காலி, குழந்தை சாமான் என்று 500 வையுங்கள். நம் வீடுகளில் 500-இல் நிற்காது என்பது தனிக்கதை. மொத்தம் 5,250. நீங்கள் சொன்ன 6,000-க்குள்தான் வருகிறது, சரி.

ஆனால் அந்த எடையில் ஒரு பங்கு, ட்ரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் வழியாக டிரக்கின் முதுகில் உட்காருகிறது. இதை டங் வெயிட் என்கிறார்கள். ட்ரெய்லர் சாலையில் வாலாட்டாமல் வர வேண்டுமானால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்னால் இருந்தே ஆக வேண்டும். 13 சதவீதம் என்றால் 680 பவுண்டு. இது முழுவதும் பேலோடு கணக்கில் கழியும்.

முன் அச்சுக்கும் எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் 90. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு கார் சீட் சேர்த்து 430. பின்பெட்டியில் ஐஸ் பெட்டி, கருவிகள், தள்ளுவண்டி, விறகு என்று 250.

680, 90, 430, 250. கூட்டினால் 1,450. ஸ்டிக்கரில் 1,150. முன்னூறு பவுண்டு அதிகம், அதுவும் இழுக்கும் திறனுக்கு 750 பவுண்டு கீழே இருக்கும்போதே!

ஏன் இப்படி? ஆஃப்-ரோடு பதிப்பு என்றாலே சக்கரம் தாராளமாக மேலும் கீழும் போய் வர மென்மையான ஸ்பிரிங், கனமான பெரிய டயர், அடியில் இரும்புக் கவசம், கூடுதல் லாக்கர். இத்தனை எடையும் வண்டி தூக்கக்கூடிய எடையிலிருந்துதான் கழிகிறது. சாதாரண கொலராடோ 7,700 பவுண்டு இழுக்கும், இசட்ஆர்2 6,000 தான். ரேஞ்சர் ராப்டர் 405 குதிரைத்திறன் வைத்திருந்தும் 5,510 தான் இழுக்கும். மணலில் பறக்கச் செய்த வண்டி அது, பாரம் தூக்க அல்ல.

ஆகவே முதலில் ட்ரெய்லரை முடிவு செய்யுங்கள். டிரக் தானாக முடிவாகும்.

டெக்சாஸ் மாமா:

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு கூட்டல் கழித்தல்?

கணக்குப்பிள்ளை:

மாமா, ஏர் பேக் தொங்குகிற பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக், சக்கரமும் சட்டமும் அதே. ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. பார்வைக்கு நிமிர்ந்து நிற்பதால் பாரம் அதிகம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போவதுதான் இதில் ஆபத்து.

ராக்கி அக்கா:

எல்லோரும் பாறையையும் பாரத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். ஒன்பது மாதக் குழந்தை எங்கே உட்காரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தையின் சீட் பின்னோக்கி இருக்கும். சீட் அனுமதிக்கும் உயரமும் எடையும் வரும்வரை, அதாவது பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டியும், பின்னோக்கித்தான் வைக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். டகோமா டபுள் கேப்பில் பின்னிருக்கைக் கால் இடம் 33.7 அங்குலம். நான்கு கதவு எஃப்-150-யான சூப்பர்க்ரூவில் 43.6. வித்தியாசம் பத்து அங்குலம்! நடுத்தர பிக்கப்பில் பின்னோக்கிய சீட்டை மாட்டினால் முன்னிருக்கையை முன்னால் தள்ளியே ஆக வேண்டும். அங்கே உட்காருபவரின் முழங்கால் கையுறைப் பெட்டியில் இடிக்கும். உங்கள் வீட்டில் அந்த இருக்கையில் உட்காரப் போவது யார் என்று யோசித்துக்கொண்டு வாங்குங்கள்.

டன்ட்ரா பார்ப்பதாக இருந்தால் பெரிய கேபின் உள்ள க்ரூமேக்ஸ் மட்டும் பாருங்கள், அதில் 41.6. அதே டன்ட்ராவின் டபுள் கேப்பில் 33.3 தான், டகோமாவைவிடக் குறைவு. முழு அளவு டிரக் என்ற பெயரை நம்பி அதை வாங்கிவிடாதீர்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது கார் சீட்டையும் கொண்டு போங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அங்கேயே மாட்டிப் பாருங்கள். அப்புறம் கராஜை அளந்தீர்களா? எஃப்-150 சூப்பர்க்ரூ 231.7 அங்குலம், அதாவது 19 அடி 4 அங்குலம். டகோமா 17 அடி 9 அங்குலம். பல வீடுகளில் கராஜ் ஆழம் 20 அடிதான், அதிலும் பாதி வீடுகளில் சுவரோரம் அரிசி மூட்டையும் இரண்டாவது ஃபிரிட்ஜும்.

அரோராவாசி:

அக்கா, வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். அளவு நாடாவோடு மனைவி கராஜுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சொன்ன அளவு 20 அடி 2 அங்குலம். ஃபிரிட்ஜ் பக்கச் சுவரில் இருப்பதால் தப்பித்தது.

கணக்குப்பிள்ளை சார், இழுக்கும் திறன் மிச்சம் இருக்கும்போதே பேலோடு தாண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ட்ரெய்லர் விற்கிற இடத்தில் "உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கும்" என்று மட்டும்தான் கேட்டார்கள்.

மலைப்பாதை, ஒரு கேள்வி: முழு அளவு டிரக்கில் யூரே பக்கம் எங்குமே போக முடியாதா?

மலைப்பாதை:

எங்குமே போக முடியாது என்று சொன்னால் பொய். கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

சில்வர்டனிலிருந்து அனிமாஸ் ஃபோர்க்ஸ் போகும் பாதைக்குத் தரையிலிருந்து கொஞ்சம் உயரமான வண்டி இருந்தால் போதும். 11,000 அடிக்கு மேலே கைவிடப்பட்ட சுரங்க ஊர், பழைய மரவீடுகளுக்குள் நடந்து பார்க்கலாம். உங்கள் பையனுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அங்கிருந்து லேக் சிட்டி வரை சுற்றி வரும் ஆல்பைன் லூப், கிட்டத்தட்ட 65 மைல். சின்னமன் கணவாய் 12,640 அடி, இன்ஜினியர் கணவாய் 12,800 அடி. இதில் முழு அளவு டிரக்குகளைப் பார்க்கலாம். லோ ரேஞ்சும் (மெதுவாக, பலமாக ஏற உதவும் கியர்) நல்ல டயரும் பொறுமையும் இருந்தால் போய்விடலாம். யூரேக்கு மேலே 550 சாலையிலிருந்து நேராக இன்ஜினியருக்கு ஏறும் கீழ்ப்பகுதியை மட்டும் தவிர்க்கவும், கரடுமுரடும் குறுகலும் அங்கேதான். அனிமாஸ் ஃபோர்க்ஸ் பக்கமாக ஏறினால் நிம்மதி.

யூரேயிலிருந்து டெல்லுரைடுக்குப் போகும் இமோஜின் கணவாய் 13,114 அடி. அகலமான வண்டியில் எதிரே ஆள் வரும்போது வியர்க்கும். பிளாக் பேர் கணவாயில் டெல்லுரைடுக்கு மேலே இறங்கும் கொண்டை ஊசிகளுக்கு முழு அளவு டிரக்கைக் கொண்டு போகாதீர்கள். அங்கே இறங்க மட்டும்தான் அனுமதி. பாதியில் மனம் மாறினால் திரும்பி ஏற வழியில்லை.

மோவாபில் ஒயிட் ரிம் என்ற பாதை 100 மைல். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மர்ஃபி ஹோக்பேக் போன்ற ஓரிரு இடங்கள் தவிர முழு அளவு டிரக்குக்குப் பெரிய சிரமம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் ஓட்டு நடுத்தர பிக்கப்புக்குத்தான். போக முடிவது வேறு, ரசித்துப் போவது வேறு.

கணக்குப்பிள்ளை:

அகலத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரேஞ்சர் ராப்டரின் அகலம் கண்ணாடிகளை விட்டுவிட்டு 79.8 அங்குலம். சாதாரண எஃப்-150 79.9. நடுத்தர பிக்கப் என்று பெயர், பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே கேட்கும் இடம் அதே. முதல் டகோமா 1995-இல் வந்தபோது 66 அங்குலத்தை ஒட்டித்தான் இருந்தது. நடுத்தரம் என்கிற வகையே இந்த முப்பது ஆண்டுகளில் பருத்துவிட்டது.

பெரிய எஃப்-150 ராப்டர் 86 அங்குலத்துக்கு மேல். அதன் முகப்பில் மூன்று சின்ன மஞ்சள் விளக்குகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான டிரக்குகளுக்கு அப்படி விளக்கு வைக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. அதை அழகுக்கு என்று நினைத்துச் சின்ன வண்டியிலும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

மலைப்பாதை:

அகலம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேஞ்சர் ராப்டரின் வீல்பேஸ் 128.7 தான். வளைவில் திருப்பும்போது அது பேசும்.

கோவை டீசல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் எல்லாம் டீசலில் ஓடுகின்றன. இசுசுவை ஆந்திராவில் ஸ்ரீசிட்டியிலேயே செய்கிறார்கள். அமெரிக்காவில் ஏன் யாரும் ஹைலக்ஸ் வாங்குவதில்லை?

டெக்சாஸ் மாமா:

விற்றால்தானே வாங்க, தம்பி. 1964-லிருந்து வெளிநாட்டில் செய்து கொண்டுவரும் இலகு டிரக்குக்கு இங்கே 25 சதவீத வரி. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பாவில் வரி போட்டார்கள் என்று ஜான்சன் ஆட்சி பதிலுக்குப் போட்டது. கோழிச் சண்டை என்றோ முடிந்தது, டிரக் வரி மட்டும் நிற்கிறது. அதனால் இங்கே விற்கிற பிக்கப்பை இந்தக் கண்டத்திலேயே செய்துவிடுகிறார்கள், டகோமா மெக்சிகோவிலிருந்து வருகிறது.

பனிச்சறுக்கு:

டென்வரிலிருந்து மலைக்குள் போகும் ஐ-70 நெடுஞ்சாலைப் பக்கம் வசிப்பவன் என்ற முறையில் இன்ஜின் பற்றி இரண்டு வார்த்தை. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும். ஐ-70-இல் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல். அங்கே போகும்போது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். நிசான் ஃபிரான்டியரின் 3.8 வி6, ஜீப் கிளாடியேட்டரின் 3.6, எஃப்-150-யின் 5.0 வி8 எல்லாமே இந்த வகை. டர்போ இன்ஜின்கள் உயரத்தில் அவ்வளவு தளர்வதில்லை. டகோமாவின் 2.4, கொலராடோவின் 2.7, எஃப்-150-யின் 2.7, 3.5 எல்லாம் டர்போ. ட்ரெய்லரோடு மலை ஏறப்போகிறீர்கள் என்றால் இதைப் பாருங்கள்.

பெட்ரோல் செலவில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். நான்கு சக்கர இயக்கத்தில் 2.7 எஃப்-150-யும் சாதாரண டகோமாவும் கேலனுக்கு ஏறத்தாழ 20 மைலில்தான் நிற்கின்றன. 33 அங்குல ஆஃப்-ரோடு டயர் போட்ட நடுத்தர பிக்கப் அதற்கும் கீழே போகும். சின்ன வண்டி சிக்கனம் என்கிற கணக்கு இங்கே எடுபடாது. ட்ரெய்லர் மாட்டினால் எல்லோரும் ஏழைகள்.

அப்புறம் செப்டம்பர் முதல் மே வரை ஐ-70-இல் மோரிசனுக்கும் டாட்சேரோவுக்கும் இடையே டயர் பட்டன் ஆழம் 3/16 அங்குலமாவது இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது என்று வழுக்கை டயரோடு வந்து எங்கள் வழியை மறிக்காதீர்கள்.

அரோராவாசி:

கணக்குப்பிள்ளை சார், டகோமா டிஆர்டி ஆஃப்-ரோடு என்றால் கணக்கு தேறுமா? அது இசட்ஆர்2 அளவுக்குத் தீவிரமானது இல்லையே.

கணக்குப்பிள்ளை:

ஓரளவு தேறும். ஆனால் கதவு ஸ்டிக்கரைப் பார்க்காமல் நான் எண் சொல்ல மாட்டேன். சன்ரூஃப், ஹைப்ரிட் பேட்டரி, பெரிய டயர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். டீலரிடம் கேட்டால் விளம்பர எண்ணைச் சொல்வார்கள். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது 1,450 என்றால் 1,600-க்குக் கீழே உள்ள எதையும் நான் தொட மாட்டேன். பிள்ளைகள் வளர்வார்கள்.

இன்னொன்று, எடையைத் தாண்டியது காற்று. டிராவல் ட்ரெய்லர் எட்டடி அகலம், பத்தடி உயரச் சுவர். சவுத் பார்க்கில் 285 சாலையில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது நீளமான வீல்பேஸும் கனமான டிரக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் தரும் தைரியம் எந்த எண்ணிலும் வராது. மலைப்பாதையில் குறை என்று நண்பர் சொன்ன அதே 145 அங்குலம் அங்கே வரம். நீங்கள் யூரே போக மோனார்க் கணவாயைத் தாண்ட வேண்டும், 11,312 அடி. ஏறுவதைவிட இறங்குவதுதான் அங்கே சோதனை.

மலைப்பாதை:

இதற்கு ஒரு வழி இருக்கிறது, யாரும் தொடவில்லை. ட்ரெய்லரை மாற்றுங்கள். மடக்கு வகை பாப்-அப் ட்ரெய்லர் 2,000 முதல் 3,500 பவுண்டுக்குள் கிடைக்கிறது. சிலவற்றில் சிறிய கழிவறையும் உண்டு. காற்றிலும் தொல்லையில்லை, டங் வெயிட்டும் பாதிதான். நடுத்தர பிக்கப்போடு அழகாக ஒத்துப்போகும்.

ராக்கி அக்கா:

பாப்-அப்பில் ஒருமுறை மழையில் துணிச்சுவரை மடக்கிவிட்டு வந்து, வீட்டு முற்றத்தில் மறுபடி விரித்துக் காயவைத்தவர்களிடம் கேளுங்கள் அந்த அழகை. கரடி நடமாட்டம் உள்ள சில முகாம்களில் துணிச்சுவர் ட்ரெய்லருக்கு அனுமதியும் இல்லை. அவருடைய மனைவி கேட்டது கட்டிலும் கதவும் சுவரும். அதைக் குறைத்துவிட்டு லாக்கரைக் கூட்டுவது குடும்பத்துக்கு நல்லதல்ல.

நான் சொல்வது வேறு. யூரே, சில்வர்டன், லேக் சிட்டி மூன்று ஊரிலும் ஜீப் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் பள்ளிக்கூடமும் காஸ்ட்கோவும் ஓடுகிற வண்டியை, கோடையில் வருகிற சில நாள் மலைக்காக ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? வீட்டுக்கும் ட்ரெய்லருக்கும் பொருத்தமான டிரக்கை வாங்குங்கள். ரிட்ஜ்வே மாநிலப் பூங்காவில் ட்ரெய்லரை நிறுத்துங்கள், யூரே பக்கத்தில்தான். யூரேக்கும் சில்வர்டனுக்கும் இடையே மில்லியன் டாலர் சாலை என்கிற 550-இல் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ரெட் மவுண்டன் கணவாய் ஏறுகிற வேலையும் மிச்சம். இமோஜின் போக ஆசை வந்த அன்று ஜீப் எடுங்கள். பாறையில் உரசினால் உங்கள் வண்டியின் பெயிண்ட் தப்பிக்கும்.

மலைப்பாதை:

வாடகை ஜீப்பில் உரசினால் அதற்கும் பில் வரும் அக்கா. கோடை வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் கிடைப்பதும் கஷ்டம். அதோடு சொந்த வண்டியில் ஏறுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

டெக்சாஸ் மாமா:

அந்தச் சுகத்துக்குத்தான் தம்பி நாங்கள் பெரிய டிரக் வாங்குகிறோம். எங்கள் ஊரில் மலையே இல்லை.

அரோராவாசி:

இரண்டு நாளாக இதே பேச்சு. நேற்று கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று ஷோரூம் போனோம். டகோமாவில் சீட்டை மாட்டியபின் மனைவி முன்னால் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டார். இசட்ஆர்2-வில் நானே கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னதற்கு மேல் சில பவுண்டு கூட இல்லை. வண்டி மட்டும் பார்க்க அவ்வளவு அழகு.

இப்போது கையில் இருப்பது பயன்படுத்திய 2022 எஃப்-150 எக்ஸ்எல்டி சூப்பர்க்ரூ, 2.7 இன்ஜின், நான்கு சக்கர இயக்கம், பின் லாக்கர். ஸ்டிக்கரில் 1,724. டீலரிடம் திங்கள்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு டன்ட்ராவும், 6.2 லிட்டர் சில்வராடோவும் நின்றன. அவற்றைப் பார்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:

1,724 நல்ல எண். நீங்கள் சொன்ன பாரத்துக்கு 270 பவுண்டு கையிருப்பு.

மற்ற இரண்டிலும் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2022, 2023 டன்ட்ராக்களில் இன்ஜினுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று 2024 மே மாதம் டொயோட்டா திரும்ப அழைத்தது, லெக்சஸ் எல்எக்ஸையும் சேர்த்து ஏறத்தாழ 1,02,000 வண்டிகள். ஜிஎம்மின் 6.2 வி8-ஐ 2021 முதல் 2024 வரையிலான டிரக்குகளிலும் பெரிய எஸ்யூவிகளிலும் 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5,97,000. அதற்காக அவை எல்லாமே கெட்ட வண்டி என்று பொருளில்லை. எந்த வண்டியாக இருந்தாலும், நீங்கள் பார்த்த ஃபோர்டு உட்பட, வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் போட்டு, திரும்ப அழைத்ததில் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மலைப்பாதை:

சரி, எஃப்-150 என்றே ஆகிவிட்டால் இரண்டு காரியம் செய்யுங்கள். பக்கவாட்டில் கதவுக்குக் கீழே பாறையிலிருந்து காக்கும் இரும்புக் கம்பி (ராக் ரெயில்) போடுங்கள், நீள வண்டிக்கு முதலில் அடிபடுவது கதவின் கீழ்ப்பகுதிதான். டயர் தேயும்போது சாலைக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர் மாற்றுங்கள், கனமான வகை வேண்டாம், அதுவும் பேலோடு தின்னும். பாதையில் டயர் காற்றை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 20-க்குக் குறைத்துவிட்டு ஏறுங்கள். பிடியும் கூடும், குழந்தை தூங்கும். திரும்பும்போது நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கட்டும்.

ஜூலையில் சின்னமன் ஏறும்போது சொல்லுங்கள், முன்னால் நான் போகிறேன். பின்னோக்கி வர வேண்டி வந்தால் இறங்கிக் கை காட்டவும் ஆள் வேண்டுமே.

அரோராவாசி:

கட்டாயம் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: இந்த வண்டியில் ஹிட்சும், ட்ரெய்லருக்கு மின் இணைப்பு தரும் ஏழு முள் பிளக்கும் இருக்கின்றன. ட்ரெய்லர் இழுக்க "எல்லாம் ரெடி" என்கிறார் விற்பனையாளர். அவ்வளவு போதுமா?

கணக்குப்பிள்ளை:

போதாது. டாஷ்போர்டில், ட்ரெய்லரின் பிரேக்கை இயக்கும் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா பாருங்கள். எஃப்-150-யில் அது எல்லா வண்டியிலும் வருவதில்லை, தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய அம்சம். அது இல்லாமல் ஏழு முள் பிளக் இருந்தாலும் ட்ரெய்லரின் மின்சார பிரேக் பிடிக்காது. 5,000 பவுண்டை மோனார்க்கில் டிரக்கின் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கக் கூடாது. இல்லையென்றால் வெளியில் வாங்கிப் பொருத்தலாம், பெரிய செலவில்லை. விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கவும் செய்யலாம்.

அப்புறம் வண்டிக்குப் பின்னால் குனிந்து ஹிட்சைச் செருகும் ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு வரி இருக்கும். அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எந்த ஹிட்ச் வாங்குவது என்று பார்க்கலாம்.